1200 கலோரியும் அரைப்பேரும்

"முப்பது நாளில் பத்துக் கிலோ குறைக்கலாம்" என்று ஒரு வீடியோ வந்தால் முதலில் ஒரு பென்சிலை எடுங்க. ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கு. பத்துக் கிலோ என்றால் 77,000. முப்பதால பிரிச்சா ஒரு நாளைக்கு 2,500க்கு மேல வருது. பசறைப் பக்கம் ஏ.எல் படிக்கிற ஒரு தங்கச்சி ஸ்கூலுக்கும் டியூஷனுக்கும் ஏறி இறங்கி, வீட்டு வேலையும் செஞ்சு, ஒரு நாளைக்குச் செலவழிக்கிறது 1,900 அளவுதான். அவள் முப்பது நாளும் பச்சைத் தண்ணி மட்டும் குடிச்சாலும் பத்துக் கிலோ கொழுப்பு கரையாது. தராசில் பத்துக் கிலோ குறைஞ்சே ஆகணும்னா தண்ணியும் தசையும் சேர்ந்து போகணும்.

இந்தச் சின்னக் கணக்கைக்கூடப் போடாமல்தான் பதுளை டவுனில் இருந்து மடுல்சீமை, நமுனுகுல, கொஸ்லந்தை வரைக்கும், சிக்னல் பிடிக்கிற எல்லா இடத்திலும் நம்ம பிள்ளைகள் அந்த வீடியோவைப் பார்த்துக் குதிக்குதுகள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவுக்குள்ள கட்டிலைச் சுவரோரம் தள்ளிவச்சு பர்பீஸ், ஜம்பிங் ஜாக்ஸ், மவுண்டன் கிளைம்பர். பக்கத்துக் காம்பிரா ஆயா "என்னாடி இடிக்கிற" என்று கத்துறது வேற. குதிக்கிறதில் எனக்கு எந்தப் பிரச்சினையும் இல்ல. நல்லாக் குதிக்கட்டும். பிரச்சினை, குதிச்சு முடிஞ்ச பிறகு அவங்க என்ன சாப்பிடுறாங்க என்பதுதான். காலையில பிளேன்டி, மத்தியானம் ரெண்டு கரண்டி சோறு, ராவைக்கு ஒண்ணுமில்ல. கேட்டா "1200 கலோரி டயட் அக்கா" என்று பதில் வருது.

அந்த 1200க்கு எதிராகத்தான் இந்தக் கட்டுரை.

அந்த எண் எங்கிருந்து வந்தது?

1918ல் அமெரிக்காவில் லூலு ஹண்ட் பீட்டர்ஸ் என்ற பெண் மருத்துவர் கலோரி எண்ணி மெலிவது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அது அங்கே விற்றுத் தள்ளியது. மெலிய நினைக்கிற பெண்களுக்கு அவர் சொன்ன அளவு ஒரு நாளைக்கு 1200. முதலாம் உலகப்போர்க் காலம், சாப்பாட்டைக் குறைப்பது தேசபக்தி என்று பேசப்பட்ட நேரம். நூறு வருஷம் கழிஞ்சும் அதே எண்ணைத்தான், யாருக்கு, எந்த உயரத்துக்கு, என்ன வேலை செய்யிறவங்களுக்கு என்று கேட்காமல், ரீல்ஸ் போடுற எல்லாரும் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கிட்டு இருக்காங்க.

சரி, நம்ம பசறைத் தங்கச்சிக்கு அதைப் பொருத்திப் பாப்போம். வயசு 19, எடை 58 கிலோ, உயரம் 155 சென்ரிமீற்றர். சும்மா படுத்துக் கிடந்தாலே, மூச்சு விடவும் இதயம் அடிக்கவும் மூளை இயங்கவும் உடம்புக்கு எவ்வளவு வேணும் என்று பார்க்க 1990ல் வந்த மிஃப்ளின் சூத்திரம் ஒன்று இருக்கு. எடையைப் பத்தால பெருக்குங்க, உயரத்தை 6.25ஆல பெருக்கிக் கூட்டுங்க, வயசை ஐந்தால பெருக்கிக் கழியுங்க, பெண் என்றால் 161 கழியுங்க, ஆண் என்றால் 5 கூட்டுங்க. தங்கச்சிக்கு வருவது சுமார் 1,290. அதாவது 1200 என்பது அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அசையாமல் படுத்திருந்தால் தேவைப்படுவதை விடக் குறைவு. அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் அவள் பர்பீஸ் அடிக்கணும், பயாலஜி படிக்கணும், பஸ்ஸில் தொங்கணும்.

இன்னொரு கணக்கும் இருக்கு. இருபது நிமிஷக் கடும் வர்க்அவுட்டுக்கு அவள் உடம்பு எரிக்கிறது கிட்டத்தட்ட 150 கலோரி. ஒரு பெரிய கோதுமை ரொட்டியில் பாதிகூட இல்ல. "300 எரிச்சீங்க, 500 எரிச்சீங்க" என்று ஸ்கிரீனில் நெருப்புப் படம் போட்டுக் காட்டுவதெல்லாம் கைதட்டு வாங்கத்தான். கடும் உடற்பயிற்சியின் லாபம் வேற இடத்தில் இருக்கு. இதயத்துக்கு, தசைக்கு, எலும்புக்கு, சீனி கட்டுப்பாட்டுக்கு, மனசுக்கு அது நல்லது. ஆனா அந்த லாபம் கிடைக்கணும்னா உடம்புக்குச் சாமான் குடுக்கணும். கல்லும் சீமெந்தும் குடுக்காமல் மேசனிடம் "சீக்கிரம் கட்டு" என்று சொன்னால் அவன் பழைய சுவரைத்தான் உடைச்சு எடுப்பான்.

1,570ல் நடந்தது

இது சும்மா பயமுறுத்தல் என்று நினைக்கிறவங்களுக்கு மினசோட்டாவில் நடந்ததைச் சொல்லணும். 1944 நவம்பரில் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள், நல்ல ஆரோக்கியமானவங்க, தாங்களாகவே முன்வந்தாங்க. 24 கிழமை அவங்களுக்கு அரைப்பட்டினி. வாரத்துக்கு 22 மைல், அதாவது 35 கிலோமீற்றர் நடக்கவும் வேணும். உடல் எடையில் கால்வாசி போச்சு. அதோட போனது வேற பலதும். எப்பவும் குளிர், களைப்பு, எரிச்சல், சோர்வு. படிப்பில் கவனம் இல்ல. சாப்பாட்டைத் தவிர வேற நினைப்பு இல்ல. சமையல் புத்தகங்களைச் சேர்த்து வச்சு வாசிச்சவங்களும் அதில் இருந்தாங்க.

அந்த "அரைப்பட்டினி" எவ்வளவு தெரியுமா? ஒரு நாளைக்குச் சுமார் 1,570 கலோரி. அவங்க நம்மள விடப் பெரிய உடம்புக்காரர்கள்தான், அதை ஒத்துக்கிறேன். ஆனா பட்டினி என்று விஞ்ஞானம் பெயர் வச்ச ஒரு அளவுக்கும் கீழ உள்ள எண்ணை, பதினெட்டு வயசுப் பிள்ளையிடம் "டிசிப்ளின்" என்று சொல்லி விற்கிறாங்க என்பதை யோசிச்சுப் பாருங்க.

எனக்குத் தெரிஞ்ச ஒரு தங்கச்சி நாலு மாசமா ராச்சாப்பாட்டை விட்டுட்டு ஒரு நாளைக்கு நாப்பது நிமிஷம் வர்க்அவுட் செஞ்சாள். எடை குறைஞ்சது, எல்லாரும் "வடிவா வந்துட்டே" என்றாங்க. அவளுக்கு மாதவிடாய் நின்றுபோச்சு. தலைமயிர் கொத்துக் கொத்தாக் கொட்டுச்சு. படியேறினா கண் இருட்டிச்சு. வீட்டில யாருக்கும் சொல்லல. சொன்னா, இந்த ஊரில் மாதவிடாய் நின்ற பெண்பிள்ளையைப் பற்றி முதலில் வரும் சந்தேகம் எதுவென்று அவளுக்குத் தெரியும்.

இதுக்கு மருத்துவத்தில் விளக்கம் இருக்கு. உடற்பயிற்சிக்குச் செலவான சக்தியைக் கழிச்ச பிறகு மிச்சம் இருப்பதுதான் உடம்பின் மற்ற எல்லா வேலைக்கும். கொழுப்பு நீங்கிய உடல் எடையில் கிலோவுக்கு 30 கலோரிக்குக் கீழ அந்த மிச்சம் போனால், அஞ்சே நாளில் இனப்பெருக்க ஹோர்மோன் சுரக்கும் ஒழுங்கு குழம்புது என்று இளம்பெண்களிடம் செஞ்ச ஆய்வு 2003லேயே காட்டிச்சு. 2014ல் சர்வதேச ஒலிம்பிக் குழு இதை விளையாட்டு வீரர்களுக்கான எச்சரிக்கையாகவே வெளியிட்டது. பெண்களுக்கு மட்டுமில்ல, ஆண்களுக்கும் சேர்த்து. நம்ம பசறைத் தங்கச்சிக்குக் கொழுப்பு நீங்கிய எடை 42 கிலோ என்று வச்சா, 1200 சாப்பிட்டு 150 எரிச்சால் மிச்சம் கிலோவுக்கு 25. ஒலிம்பிக் வீராங்கனைக்கே ஆபத்து என்கிற கோட்டுக்குக் கீழ அவள் காம்பிராவுக்குள்ள குதிச்சுக்கிட்டு இருக்காள்.

அளந்து சாப்பிட்டது நமக்குப் புதுசில்ல

இங்கதான் என் கோபம் தொடங்குது. கலோரி எண்ணும் ஆப் நம்ம சமூகத்துக்கு எதையோ புதுசா கற்றுக் குடுக்கிற மாதிரிப் பேசுறாங்க. நம்ம ஆக்களுக்குச் சாப்பாட்டை அளந்து குடுத்த வரலாறு ரொம்பப் பழசு. 1927ல் வந்த குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தில் சம்பளத்தோட சேர்த்து, தோட்டம் தொழிலாளிக்கு எந்த விலைக்கு அரிசி குடுக்கணும் என்பதும் எழுதப்பட்டிருந்தது. எவ்வளவு தின்னலாம் என்பது தோட்டத்து ஸ்டோரில் தீர்மானமானது. 1973-74ல் அரிசிப் பங்கீடு வெட்டப்பட்டப்போ தோட்டங்களில் பட்டினியால் செத்தாங்க. அந்தக் காலத்தைப் பற்றி உங்க அப்பாயியிடமோ அம்மாயியிடமோ கேட்டுப் பாருங்க. மாவும் கிடைக்காமல் காட்டுக் கிழங்கும் கீரையும் அவிச்சுத் தின்ற கதை எந்த லயத்திலும் கிடைக்கும்.

அது பழைய கதை என்றால், 2016ல் நடந்த குடித்தொகை சுகாதார ஆய்வைப் பாருங்க. ஐந்து வயசுக்குக் குறைஞ்ச பிள்ளைகளில் வயசுக்கேற்ற உயரம் இல்லாதவங்க நாடு முழுக்க 17 வீதம். தோட்டப்புறத்தில் 32 வீதம். மூன்றில் ஒரு பிள்ளை. அதுக்குப் பிறகு 2022 வந்தது. அந்த வருஷம் செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண் கணக்கில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். மாவும் பருப்பும் முட்டையும் என்ன விலைக்குப் போச்சு என்பது இதை வாசிக்கிற எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

மலையில் குறிச்ச கிலோ எடுக்காட்டி அரைப்பேர். பதினாறோ பதினெட்டோ இருபதோ, தோட்டத்துக்குத் தோட்டம் அளவு மாறும், ஆனா நாள் முழுக்க மழையிலும் அட்டையிலும் நின்னவளுக்குப் பாதிச் சம்பளம்தான். யாரோ ஒருத்தர் எங்கயோ உக்காந்து ஒரு எண்ணைக் குறிப்பார், அந்த எண்ணுக்கு நம்ம உடம்பு ஒத்துப் போகணும். 1200 கலோரியும் அதே சாதி எண்தான். என்ன, கங்காணி இல்லாமலே நம்ம பிள்ளைகள் தங்களுக்குத் தாங்களே அரைப்பேர் போட்டுக்கிறாங்க.

"அப்ப எடை குறைக்கவே கூடாதா?"

அப்படிச் சொல்லல. இந்தப் பக்கம் நின்னு பேசுற சில முற்போக்கு நண்பர்களோடும் எனக்குச் சண்டை இருக்கு. "மெலியிறது எல்லாம் மேட்டுக்குடி ஆசை, முதலாளித்துவ அழகியல்" என்று சொல்லிட்டுக் கொத்துரொட்டிக் கடைக்குப் போறவங்க அவங்க. சீனி வருத்தமும் பிரஷரும் நம்ம லயங்களுக்கு எப்பவோ வந்தாச்சு.

அது வருவதற்கும் பட்டினிக்கும் தொடர்பு உண்டு. தாயின் வயிற்றில் போஷாக்கில்லாமல் வளர்ந்து எடை குறைஞ்சு பிறந்த பிள்ளைகளுக்குப் பின்னாளில் சீனி வருத்தமும் இதய வருத்தமும் வரும் வாய்ப்புக் கூட என்று இங்கிலாந்தின் டேவிட் பார்க்கர் காட்டினார். 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் வந்த பஞ்சத்தின்போது கருவில் இருந்தவங்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகளும் இதே திசையில்தான் பேசுது. பட்டினிக்குப் பழகிப் பிறந்த உடம்புக்குத் திடீரென்று சோடாவும் ரோல்ஸும் பொரிச்ச கோழியும் கிடைச்சா அது வயித்தைச் சுத்திக் கொழுப்பைச் சேர்க்குது. கை கால் ஈர்க்குச்சி, வயிறு மட்டும் முன்னுக்கு. இப்படி எத்தனை மாமாமாரைப் பார்த்திருக்கோம்!

அதனால தராசை மட்டும் நம்பாதீங்க. ஆசியர்களுக்கு பி.எம்.ஐ 23க்கு மேலேயே கவனிக்கணும் என்று 2004ல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொல்லிச்சு. நம்ம தங்கச்சியின் அளவு 24. அவள் கொஞ்சம் குறைக்க நினைப்பதில் தப்பில்ல. தையல்காரர் வச்சிருக்கிற டேப் ஒன்று எடுத்து இடுப்பை அளங்க. பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90க்கு மேல போனா யோசிக்கணும். அதுக்குக் கீழ இருந்து, பி.எம்.ஐயும் 23க்குக் கீழ இருந்தா, உங்களுக்குக் குறைக்க ஒண்ணுமில்ல. பயிற்சி செய்யுங்க, நல்லாச் சாப்பிடுங்க.

அப்ப எவ்வளவு சாப்பிடுறது?

விமர்சனம் எழுதிட்டுப் பதில் சொல்லாமல் போறது நம்ம தலைவர்களின் பழக்கம். நான் சொல்லிட்டுப் போறேன்.

மேல சொன்ன சூத்திரத்தில் வர்ற எண்ணை, மிதமா வேலையும் பயிற்சியும் செய்யிறவங்க 1.5ஆல பெருக்குங்க. தங்கச்சிக்கு 1,900 சொச்சம். அதிலிருந்து 300 அல்லது 400 மட்டும் குறைங்க. 1,500க்கும் 1,600க்கும் நடுவில் நிக்கும். வாரத்துக்குக் கால் கிலோ சொச்சம், மாசத்துக்கு ஒண்ணு, ஒண்ணரைக் கிலோ குறையும். இதை யாரும் ரீலா போட மாட்டாங்க, ஏன்னா பாக்க சப்புன்னு இருக்கும். ஆனா போன எடை திரும்பி வராமல் இருக்க வாய்ப்பு உள்ளது இதில்தான்.

புரதம், உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராமாவது வேணும். 58 கிலோவுக்கு 70 கிராம். அவகாடோவும் ஓட்ஸும் சல்மனும் இல்லாமல் இது முடியுமா என்றால், முடியும். காலையில 80 கிராம் மாவில் சுட்ட தேங்காய் ரொட்டி, ஒரு முட்டை. பத்து மணிக்கு ஒரு கை கடலையோ கௌபியோ அவிச்சு. மத்தியானம் 80 கிராம் அரிசிச் சோறு, கெட்டியா வச்ச பருப்பு, கொஞ்சம் நெத்தலிக் கருவாடு, வல்லாரையோ முருங்கைக் கீரையோ சுண்டல். ராவைக்குச் சின்ன ரொட்டி ஒண்ணு, ஒரு முட்டை, கோவா அல்லது போஞ்சிக் கறி. எல்லாம் சேர்த்தா 1,550 பக்கம் வரும், புரதம் 65 தாண்டும். சோயாமீட் சேர்த்தால் 70ஐத் தொடும். முட்டை வாங்க முடியாத வாரத்தில் பருப்பைக் கூட்டுங்க. காயாத மைசூர்ப் பருப்பு என்று ஒன்று இல்ல. கடையில் வாங்கும் அந்தக் காய்ஞ்ச பருப்பு 100 கிராமில் 24 கிராம் புரதம் இருக்கு. தம்பிமாரே, ஆயிரக்கணக்கில் குடுத்து நீங்க வாங்குற புரோட்டின் பவுடரின் ஒரு கரண்டியிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

நம்ம வீடுகளில் பிரச்சினை பெரும்பாலும் இதுதான்: ரொட்டி மூணு, சம்பல் ஒரு சிட்டிகை, சீனி மூணு கரண்டி போட்ட தேத்தண்ணி நாலு தரம். வயிறு நிறையுது, புரதம் இல்ல. ஒரு ரொட்டியைக் குறைச்சு அந்த இடத்தில் பருப்பை வையுங்க. சீனியைக் குறைங்க, நாலு தேத்தண்ணியில் மூணு மூணு கரண்டி என்றால் அதுவே 190 கலோரி. பட்டினி கிடக்காமலே பாதி வேலை முடிஞ்சுது. அப்புறம், சாப்பிட்ட கையோட பிளேன்டி குடிக்காதீங்க, ஒரு மணித்தியாலம் கழிச்சுக் குடிங்க. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுக்காமல் தேயிலைச் சாயம் தடுக்கும். ரத்தசோகை நம்ம பெண்களுக்கு ஏற்கனவே போதும்.

கடும் பயிற்சி வாரத்துக்கு மூணு நாள் போதும், மத்த நாள் நடங்க. நமக்கு மேடு பள்ளத்துக்கா பஞ்சம்? தலை சுத்தினா, மாதவிடாய் தவறினா, எந்நேரமும் குளிரினா, சாப்பாட்டை நினைச்சே நாள் போனா, நிறுத்துங்க. உங்க பகுதி மிட்வைப் அக்காவிடமோ கிளினிக்கிலோ போய்ச் சொல்லுங்க. வெக்கப்பட இதில் ஒண்ணுமில்ல.

அம்மாவின் கணக்கு

கடைசியா ஒரு விஷயம். நீங்க இவ்வளவு கலோரி எண்ணுறீங்க, சரி. உங்க அம்மா கொழுந்தெடுக்கிறவங்க என்றால் அவங்களுடையதையும் எண்ணிப் பாருங்க. 50 கிலோ எடையுள்ள ஒரு பெண் எட்டு மணித்தியாலம் சரிவில் நின்று கொழுந்தெடுத்துச் சுமந்தால், ரொம்பக் குறைச்சு மதிச்சாலும் அதுக்கு மட்டுமே 1,400 கலோரி. உங்க இருபது நிமிஷ வர்க்அவுட் ஒன்பது தரம். வீட்டுக்கு வந்து விறகு, தண்ணி, சமையல் எல்லாம் சேர்த்தால் ஒரு நாளைக்கு 2,400க்குக் குறையாது. அவங்க சாப்பிடுறது எவ்வளவு? எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் என்ன மிச்சமோ அது.

இந்த வாரம் ஒரு நாள் உங்க போனில் உள்ள அதே ஆப்பில், காலையில் பெரட்டுக்குப் போகும்போது குடிச்ச சாயத்தண்ணியில் இருந்து ராவைக்கு வழிச்சுத் தின்ற அடிச்சோறு வரைக்கும், அம்மா சாப்பிட்டதை அவங்களிடம் கேட்டுக் கேட்டுப் பதியுங்க. எவ்வளவு வருது என்று அவங்களுக்கும் காட்டுங்க. அப்பாவுக்கும் அண்ணன்மாருக்கும் காட்டுங்க. அடுத்த நாள் முட்டை அவிக்கும்போது முதல் முட்டை யாருடைய தட்டுக்குப் போகணும் என்று அந்த வீட்டில் ஒரு பேச்சு வரட்டும். சம்பளத்தைப் பற்றித் தொழிற்சங்கத்துக்காரர் அடுத்த தடவை லயத்துக்கு வரும்போது, "இந்தச் சம்பளத்தில் ஒரு நாளைக்கு எத்தனை கிராம் பருப்பு வாங்கலாம்" என்று அதே போனை நீட்டிக் கேளுங்க.